புரட்டாதிக்காரி

2018 செப்டெம்பர் 19, புதன்

நூதனசாலையில் பூச்சிப் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர் ஏபர்சோல்ட் லீவில் போகமுன் இந்தக் கொப்பியைத் தந்தார். பூச்சி பிடித்த இடம், நேரம், எந்தப் பூவில் இருந்தது, வெயிலா மப்பா, எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை. நான் தமிழில் எழுதுகிறேன். என் கொப்பி என்றபடியால் வீட்டுக் கதையும் வரும், சண்டையும் வரும். டொக்டர் ஜெர்மனில் சொல்வதையும் என் தமிழில்தான் எழுதப்போகிறேன். இந்தக் கொப்பிக்குள் அந்தச் சுவிஸ்காரர் சுன்னாகத்து ஆள் மாதிரித்தான் கதைப்பார். அதில் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

இன்று வேலை முடிந்து எங்கள் தோட்டத் துண்டுக்குப் போனேன். கடைசிப் போஞ்சிக்காய் பறிக்க வேண்டியிருந்தது. வேலிக்கு அப்பால், ரயில் பாதைச் சரளைக் கல்லில், முழங்கால் உயரத்துக்கு ஒரு களை முளைத்திருக்கிறது. சின்ன இளஞ்சிவப்புப் பூ. அந்தப் பூவில் தேனீக்கள். பையில் ஒரு வெறும் ஜாம் போத்தல் இருந்தது. மூன்றைப் பிடித்தேன்.

இது தேன் தருகிற தேனீ இல்லை, தனித் தேனீ. கூடு, கூட்டம், அரசி, வேலைக்காரி ஒன்றும் இல்லாத சாதி. ஒவ்வொரு பெண்ணும் நிலத்தில் தன் பாட்டுக்கு ஒரு துளை தோண்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, மூடிவிட்டுச் செத்துப்போவாள். எங்கள் நூதனசாலையின் பூச்சிச் சேகரிப்பில் 114ஆம் தட்டில் இதே போல ஒருத்தி இருக்கிறாள். லத்தீன் பெயர் நீளமானது, எழுதக் கை உளையும். அவள் ஆடி மாதத்தில் பறப்பவள் என்பதால் நான் அவளை ஆடிக்காரி என்பேன். ஓகஸ்ட் நடுப்பகுதியோடு அவள் கதை முடிந்துவிடும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இன்றைக்குப் புரட்டாதி மூன்றாம் திகதி. இவள் ஏன் இன்னும் பூவில் நிற்கிறாள்?

கேட்க ஆள் இல்லை. தேனீ பிடிக்கிற ஆட்கள் எல்லோரும் ஓகஸ்ட் கடைசியில் வலையைச் சுருட்டிவிடுவார்கள். டொக்டர் செப்டெம்பர் பிறந்தால் சார்டீனியாத் தீவில் கடலுக்குள் கிடப்பார். நான் அந்த நூதனசாலையில் ஆறு வருடம் தரை துடைத்தவள், பிறகு பதினொரு வருடமாகப் பூச்சிகளை ஊசியில் ஏற்றுகிறவள். என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

வீட்டில் இவர் போத்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊரில எண்டா ஈ, இலையானைக் கலைப்பம். நீர் பிடிச்சுக்கொண்டு வாறீர்."

செப்டெம்பர் 23, ஞாயிறு

தேனீயைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ஹெயார் ட்ரையரால் காய வைத்தால்தான் மயிர் எழும்பி நிற்கும். மயிரைப் பார்த்துத்தான் இனம் சொல்லலாம். மகள் ஜனுஷாவின் ட்ரையரை எடுத்தேன். அவளுக்கு இருபத்துமூன்று வயது, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள், தன் ட்ரையரில் தேனீ மணக்கிறது என்று வழக்குப் பேசினாள். தேனீக்கு மணம் இல்லை. அது என் கையில் இருந்த வெங்காயம்.

மூன்றில் ஒன்று ஆண். ஆணின் வாலடியில் உறுப்பு ஒளிந்திருக்கும். அதை ஊசிக் கொக்கியால் வெளியே இழுத்து உருவத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் வெட்கம் பார்க்க ஏலாது. ஆடிக்காரியின் புருசனுக்கு அது மண்வெட்டி மாதிரி அகன்றிருக்கும். இவனுக்கு ஒடுக்கமாக, நுனி இரண்டாகப் பிரிந்து இருக்கிறது. வேறு இனமோ என்று சும்மா ஒரு சந்தேகம்தான்.

செப்டெம்பர் 26, புதன்

பதினொன்று. ஆண் நாலு, பெண் ஏழு. அந்த ஒரு பூவைத் தவிர வேறு எதிலும் இல்லை. மப்பு, 16 பாகை.

ஒக்டோபர் 6, சனி

அவளுடைய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் தோட்டத்துக்குள்ளேயே, போஞ்சிப் பாத்திக்கும் வேலிக்கும் நடுவில், வெறும் மண்ணில், நாற்பத்திரண்டு துளைகள். ஒன்றைத் தேக்கரண்டியால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் பட்டாணி அளவு மகரந்த உருண்டை, அதன் மேல் முட்டை. வரைந்து வைத்திருக்கிறேன், அடுத்த பக்கத்தில்.

இவர் பத்து மணிக்குக் கொங்கிரீட் கல்லோடு வந்தார். அதே இடத்தில் இறைச்சி சுடுகிற அடுப்புக்குத் தளம் போடப் போகிறாராம், போன கிழமையே சொன்னாராம். சொன்னார்தான். நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து துளைகளுக்கு முன்னால் போட்டு, அதில் இருந்து போஞ்சிக்காய் நறுக்கினேன். பன்னிரண்டு மணிவரை அவர் கல்லோடு நின்றார். பிறகு கல்லைக் கொண்டுபோய் மற்ற மூலையில் அடுக்கினார். விசர் பிடித்துவிட்டதாம் எனக்கு. இருக்கட்டும்.

ஒக்டோபர் 15, திங்கள்

டொக்டர் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார். ஆடிக்காரன் ஒன்றையும் என்னுடையவன் ஒன்றையும் நுண்ணோக்கியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஒருக்காப் பாருங்கோ" என்று விலகி நின்றேன். நெடுநேரம் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே இது எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது என்று கேட்டார். போஞ்சிப் பாத்தி என்றேன்.

"நாப்பது வருசமா இந்தத் தட்டைத் திறந்து பூட்டுறன்," என்றார்.

பிறகு 114ஆம் தட்டை முழுதாக இறக்கினோம். அதில் நூற்று அறுபத்துமூன்று தேனீக்கள், எல்லாம் ஆடிக்காரி என்ற ஒரே பெயரின் கீழ். நான் ஒவ்வொன்றாய்ப் பார்த்து முப்பத்தொன்றைப் பிரித்து எடுத்தேன். முப்பத்தொன்றின் ஊசியிலும் குத்தியிருந்த பெயர்ச் சிட்டையில் செப்டெம்பர் அல்லது ஒக்டோபர் திகதி. எண்பது வருடமாகப் பிழையான பெயரோடு அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறார்கள். திகதியை ஒருவரும் வாசிக்கவில்லை. நான் இவளுக்குப் புரட்டாதிக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டேன், கொப்பிக்குள் மட்டும்.

நவம்பர் 8, வியாழன்

புதிய இனம் என்று உடனே சொல்ல முடியாதாம். போன நூற்றாண்டுக்கு முந்தினவர்கள் ஒரே தேனீக்குக் கண்டபடி பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டை ஒரு இனம், கிடாய் வேறு இனம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஆடிக்காரியின் தலையில் ஒன்பது பழைய பெயர்கள் கிடக்கின்றன. அந்த ஒன்பதில் ஒன்று உண்மையில் புரட்டாதிக்காரியைப் பார்த்து வைத்ததாக இருந்தால், அந்தப் பெயர்தான் அவளுக்குச் சொந்தம். முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. பெயர் வைத்தவர் கையில் வைத்திருந்த அதே தேனீயை, சிவப்புச் சிட்டை குத்தினதை, எடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். அதற்கு மூலச்சான்று என்று சொல்வோம்.

ஒன்பது ஊருக்கு ஒன்பது கடிதம். வந்து சேரும் பெட்டிகளைத் திறப்பது, பார்ப்பது, வரைவது, அளப்பது என் வேலை. டொக்டருக்குக் கூட்டங்கள் இருக்கின்றன.

டிசெம்பர் 12, புதன்

எட்டு மூலச்சான்றும் ஆடிக்காரிதான். ஒன்பதாவது இன்று வந்தது. பெட்டியைத் திறந்தால் ஊசி இருக்கிறது, தேனீ இல்லை. வண்டுப் புழு தின்றுவிட்டது. மிச்சம் நெஞ்சில் ஒரு துண்டும் ஒரு பின்னங்காலும்.

டொக்டர் தலையில் கை வைத்தார். இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, சந்தேகம் என்று எழுதினால் பத்து வருடத்துக்குச் சண்டை பிடிப்பார்கள் என்றார். நான் காலை மட்டும் பார்த்தேன். ஆடிக்காரியின் காலில் மகரந்தம் ஏற்றும் மயிர் நேராக இருக்கும். புரட்டாதிக்காரியின் மயிர் அடியில் கிளை விடும். இதை நான் ஒக்டோபரில் முப்பத்தொன்றிலும் பார்த்து எழுதி வைத்திருந்தேன். இந்தக் காலில் கிளை இல்லை.

"இது ஆடிக்காரி. எங்கட ஆளுக்குப் பழைய பேர் இல்லை," என்றேன். அவர் வந்து பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

2019 ஜனவரி 11, வெள்ளி

டொக்டர் கரட் கேக் வாங்கி வந்து எல்லோரையும் கூப்பிட்டார். புதிய இனத்துக்கு என் பெயரை வைக்கப் போகிறாராம். அந்திரேனா விசுவலிங்கமே. அந்திரேனா இந்தத் தேனீச் சாதியின் பெயர். லத்தீனில் பெண்ணுக்குக் கௌரவம் செய்யும்போது 'ஏ' என்றுதான் முடியுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் நன்றி சொன்னேன். கேக் நன்றாக இருந்தது.

விசுவலிங்கம் இவருடைய பெயர்.

ஜனவரி 12, சனி

இவரிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு உடனே ரெலிபோன் எடுத்து, "என்ர பேரில ஒரு தேனீ வந்திருக்கடா" என்றார். சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 20, ஞாயிறு

தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. நான் பின்னால் நின்று பொங்கல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர் குலசிங்கம் மாஸ்ரர் ஒலிவாங்கியில், உலகத் தேனீ இனம் ஒன்றுக்குத் தமிழன் பெயர் கிடைத்திருக்கிறது, அந்தப் பெருமகன் நம்மிடையே இருக்கிறார் என்று தொடங்கினார். இவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். இவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். பேசச் சொன்னார்கள். தேனீக்கள் மனித குலத்துக்குச் செய்யும் சேவை பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அவருக்குத் தேனீயும் குளவியும் ஒன்று.

இருநூறு பேருக்குப் பொங்கல் போதாமல் போனது. பிந்தி வந்தவர்களுக்கு வடை மட்டும்தான்.

ஜனவரி 22, செவ்வாய்

காலையில் டொக்டரின் அறைக்குப் போனேன். விசுவலிங்கம் என் பெயர் இல்லை என்றேன். கதவில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்றார். சொன்னேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தொண்ணூற்றொன்றில் நாங்கள் வந்து இறங்கியபோது அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மொழி தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரின் பெயரை எழுதினார். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் விசுவலிங்கம். என் பெயர் தவமலர்.

டொக்டர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. உடனே மாற்றிவிடலாம், நல்ல காலம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அச்சானால் கடவுள் வந்தாலும் மாற்ற ஏலாது என்று கணினியைத் திருப்பினார். கட்டுரை முழுவதும் திரையில் இருந்தது. நான் அதை முதல் தரம் பார்க்கிறேன். படங்கள் என்னுடையவை. அளவுகள் என்னுடையவை. ஒன்பது மூலச்சான்றும் என்னுடையவை. மேலே ஆசிரியர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், ஏபர்சோல்ட். கடைசிப் பக்கத்தில், பொறுமையோடு உதவிய திருமதி விசுவலிங்கத்துக்கு நன்றி.

இது ஏன் என்று கேட்டேன்.

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பொறுமையாக விளக்கினார். ஒரு தேனீக்கு என் பெயரை வைத்தால் நான் ஆசிரியராக இருக்க முடியாது. தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் இல்லை, ஆனால் ஒருவரும் செய்வதில்லை, அசிங்கம். ஆகவே பெரியதை எனக்குத் தந்தாராம். "கட்டுரையை ஆர் வாசிக்கப் போகினம்? தேனீயின்ர பேர் உலகம் உள்ளவரைக்கும் இருக்கும்."

அவருடைய பெயரும் இருக்கும். இனத்தின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் பெயரையும் வருடத்தையும் எழுதுவது வழக்கம். பதினொரு வருடமாக அந்தச் சிட்டைகளை அச்சடித்து வெட்டுவது நான். எனக்குத் தெரியாதா? அதைச் சொன்னேன். உங்களுக்குப் பட்டம் இல்லை, வெளியில் இருந்து கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்றார்.

"உங்கட கேள்விக்கெல்லாம் பதினொரு வருசமா ஆர் பதில் சொன்னது?"

அவர் கணினியைத் திரும்பத் தன் பக்கம் திருப்பினார். நானும் போய் என் மேசையில் இருந்துகொண்டேன்.

ஜனவரி 25, வெள்ளி

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மீன் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஜனவரி 27, ஞாயிறு

ஜனுஷா கட்டுரையை வாசித்தாள். சட்டம் படிக்கிறவள், பென்சிலோடு வாசித்தாள். பதினாலு பக்கத்தில் பத்தரைப் பக்கம் அம்மா செய்தது என்று கோடு போட்டுக் காட்டினாள். தேனீக்குப் பெயர் வந்தால் காணும்தானே, பேசாமல் இருப்போமா என்று அவளிடம் கேட்டேன். சும்மா கேட்டேன்.

"அம்மா, நீங்கள் அப்பிடி இருக்கிற ஆள் எண்டா இந்தக் கிழமை முழுக்க நாங்கள் ஒழுங்காச் சாப்பிட்டிருப்பம்," என்றாள்.

பெப்ரவரி 5, செவ்வாய்

கூட்டைப் பற்றிய பகுதி கட்டுரையில் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. துளை எத்தனை, ஆழம் என்ன, எத்தனை மணிக்கு வெளியே வருகிறாள், எல்லாம் இந்தக் கொப்பியில் மட்டும் இருக்கிறது. டொக்டர் அதை ஜெர்மனில் எழுதித் தரச் சொன்னார். முடியாது என்றேன். ஆசிரியர்தானே எழுத வேண்டும், நான் உதவியாள்.

டொக்டரின் முகம் சிவந்தது. கூட்டுப் பகுதி இல்லாமலே வெளியிடுவேன் என்றார். அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள், தேனீயில் என் பெயர் வேண்டாம் என்றேன். அப்போது ஒன்று சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, விதியைச் சொல்வது போலச் சொன்னார். யாருடைய பெயரை வைக்கிறோமோ அவரிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லையாம். வேண்டாம் என்றாலும் வைக்கலாமாம்.

தொண்ணூற்றொன்றிலும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வயது, பாஷை இல்லை, பயம். இன்றைக்கு ஐம்பத்துமூன்று. பாஷை இருக்கிறது, பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தரம்.

பெப்ரவரி 14, வியாழன்

டொக்டர் இன்று தானாக என் மேசைக்கு வந்தார். கூட்டுப் பகுதி இல்லாமல் கட்டுரை மொட்டையாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்றார். நல்லது, வாசிக்கிறேன், கதிரையை இழுத்துப் போடுங்கள் என்றேன்.

கொப்பியைத் திறந்து செப்டெம்பர் 19இல் இருந்து தமிழில் வாசித்தேன். ஒன்றும் விடவில்லை. போஞ்சிக்காய், ட்ரையர், கொங்கிரீட் கல், நாற்பத்திரண்டு துளை, முப்பத்தொரு தேனீ, புழு தின்ற மூலச்சான்று. முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார். டிசெம்பர் 12இல் நிறுத்தினேன்.

"நீங்கள் வாசிச்சதில எனக்குப் பிடிபட்டது ரெண்டு சொல்லுத்தான்," என்றார். "ஒண்டு என்ர பேர். மற்றது சார்டீனியா."

"நீங்கள் அதில அவ்வளவுதான் வாறியள், டொக்டர்."

அவர் எழுந்து போய் யன்னலைப் பூட்டினார், திறந்தார், திரும்பவும் பூட்டினார். வந்து கணினியில் தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை அடித்தார். முன்னால் என்றேன். அகர வரிசைதான் வழக்கம் என்றார். பிடித்தவள் நான், பிரித்தவள் நான், வரிசையும் நான் சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மாற்றினார். அந்த மனுசனைக் குறை சொல்லக் கூடாது, மாற்றிவிட்டு மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கவில்லை.

இனித் தேனீயில் என் பெயர் வர முடியாதே, பரவாயில்லையா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அப்படியென்றால் என்ன பெயர், முதலாம் ஆசிரியர் நீங்கள்தானே, சொல்லுங்கள் என்றார். புரட்டாதி என்றேன். எந்த மொழிச் சொல்லையும் லத்தீன் எழுத்தில் வைக்கலாம், விதி இருக்கிறது. கருத்துக் கேட்டார். அவள் பறக்கிற மாதம் என்றேன். நாலு தரம் சொல்லிப் பழகினார், நாலாவது தரம் கிட்டத்தட்டச் சரி.

பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சந்தோசம்தான்.

பெப்ரவரி 16, சனி

இவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தேனீக்கு உங்கள் பெயர் இல்லை என்று சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்.

"இருநூறு சனத்துக்கு முன்னால பொன்னாடை போட்டவை. இப்ப நான் என்னண்டு வெளியில தலை காட்டுறது?"

"பொன்னாடை போடேக்க நீங்கள் ஒருக்காவாவது திரும்பி என்னைப் பாத்தனீங்களே?"

நான் விடவில்லை. அந்தத் துளைகளின் மேல் கல்லுப் போட வந்தவர் நீங்கள், இலையான் பிடிக்கிறாள் என்று சிரித்தவர் நீங்கள், பொங்கல் கரண்டியோடு நின்றவள் நான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அன்று மேடையைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது என்றும் சொன்னேன். எரிந்ததுதான். கொப்பியில் எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை.

பெப்ரவரி 23, சனி

ஒரு கிழமையாகக் கதை இல்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறார்.

மார்ச் 3, ஞாயிறு

சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்ப இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஜனுஷா கணினியோடு இருந்தாள். இவர் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், அரை மணித்தியாலமாக ஒரே பக்கம்.

முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் விடாதாம். ஜனுஷா பழக்கத்தில் குடும்பப் பெயருக்கு விசுவலிங்கம் என்று அடித்தாள். அழிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் தவமலர். மற்றக் கட்டம் வெறுமை. படிவம் ஏற்கவில்லை, சிவப்பு எழுத்தில் கத்தியது.

"அதில அப்பான்ர பேரைப் போடு," என்றேன். "எங்கட ஆக்கள் முன்னுக்கு முதலெழுத்துப் போடுறவைதானே."

அவள் போட்டாள். அச்சில் எப்படி வரும் என்று கீழே காட்டியது. வி. தவமலர். ஜனுஷா கொடுப்புக்குள் சிரித்தாள். பேப்பர் கீழே இறங்கியது.

"நான் ஒரு எழுத்தோ?"

"ஓம். புள்ளியோட. இருபத்தெட்டு வருசமா நான் எந்தக் கதவிலயும் ஒரு எழுத்தாக்கூட இருக்கேல்லை."

பேப்பர் மறுபடி மேலே போனது. பிறகு பேப்பருக்குள் இருந்து, இரவைக்கு என்ன கறி என்று கேட்டார். கத்தரிக்காய் என்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

வெளியில் இருந்து இரண்டு நிபுணர்கள் கேள்வி அனுப்பினார்கள். பதினேழு கேள்வி. பதினாறுக்கு நான் பதில் எழுதினேன். மற்றது லத்தீன் பற்றியது, டொக்டர் எழுதினார்.

ஜூன் 12, புதன்

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அந்திரேனா புரட்டாதி தவமலர் & ஏபர்சோல்ட், 2019. இனிக் கடவுள் வந்தாலும் மாற்ற ஏலாது.

சிவப்புக் கடதாசியில் நாலு புள்ளி அளவுச் சின்ன எழுத்தில் சிட்டை அச்சடித்து, வெட்டி, ஜாம் போத்தலில் பிடித்த முதல் பெண்ணின் ஊசியில் குத்தினேன். மூலச்சான்று இவள்தான். முதல் சிட்டை வளைந்துவிட்டது. இரண்டாவது நேராக வந்தது.

ஜூன் 16, ஞாயிறு

சங்கத்தின் கோடை ஒன்றுகூடல். ஜனுஷா விசயத்தைக் குலசிங்கம் மாஸ்ரருக்குச் சொல்லியிருக்கிறாள். போக எனக்கு மனம் இல்லை. இவர்தான் தன் சேர்ட்டை அயன் பண்ணி மினுக்கி வைத்துவிட்டு, வெளிக்கிடும் என்றார்.

மூன்றாம் வரிசையில் இருந்தோம். விளையாட்டுப் பரிசுகள் முடிந்தபின் மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். புதிய தேனீ இனம் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு நம் தமிழ்ப் பெயரைச் சூட்டி, நமக்கெல்லாம் பெருமை சேர்த்த திருமதி விசுவலிங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம் என்றார். சனம் கை தட்டியது.

நான் எழும்பவில்லை.

கேட்கவில்லை என்று நினைத்தாராக்கும், இன்னும் பெரிய குரலில், திருமதி விசுவலிங்கம் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்றார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜனுஷா என் தொடையில் கிள்ளினாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தேன். மூன்றாம் தரம் திரு திருமதி விசுவலிங்கம் தம்பதியினர் என்று மாற்றிக் கூப்பிட்டார். அதற்கும் நான் எழும்பவில்லை. கை தட்டல் நின்றுவிட்டது. பின்னால் யாரோ குசுகுசுக்கத் தொடங்கினார்கள்.

பக்கத்தில் இவர் எழுந்தார். மேடைக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"மாஸ்ரர், அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை. தவமலர் எண்டு கூப்பிடுங்கோ."

மாஸ்ரர் கையில் இருந்த துண்டுக் கடதாசியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவர் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே இருந்தார். மாஸ்ரர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், தவமலர் என்றார்.

எழும்பினேன்.